மொட்டைக் காட்டுக்கு எதற்குச் சரணாலயம்? (சத்தி – பர்கூர் – மோயாறு)

#1 மஞ்சள்மாநகர்

மாசிக் கடைசியில் இரண்டு நாள் லீவு வாய்த்தது. வீட்டில் சும்மா கிடப்பானேன் என்று வண்டியை எடுத்தேன். முதல் நாள் சத்தியமங்கலம் (சத்தி) பக்கம் பண்ணாரி, திம்பம், ஆசனூர், தாளவாடி. மறுநாள் அந்தியூர், வரட்டுப்பள்ளம், தாமரைக்கரை, பர்கூர், அங்கிருந்து கர்கேகண்டி வரை. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறினேன், அதில் ஒன்றும் குறையவில்லை. மிருகங்கள்தான் குறைந்துவிட்டன. மொத்தமாகக் கண்ணில் பட்டவை: குரங்கு, ஒரு மயில், மறுபடி குரங்கு, சாலையோரத்தில் யானைச் சாணம். சாணம் புதிது, யானை இல்லை.

காடு என்று சொல்லவே மனம் வரவில்லை. மலை முழுக்கத் தீக்குச்சியை நட்டு வைத்த மாதிரி மரங்கள். ஓர் இலை கிடையாது. கீழே சருகு, கருகிய புல், பாறை. இதில் சத்திப் பக்கம் புலிகள் காப்பகம், பர்கூர்ப் பக்கம் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம். வால்பாறை மாதிரி பச்சைப்பசேல் என்று இருக்கிற இடத்தைக் காப்பாற்றுகிறார்கள், புரிகிறது. இந்த மொட்டைக் காட்டைச் சரணாலயம் ஆக்கி யாருக்கு என்ன லாபம்?

இன்னொன்று. பர்கூரில் டீ குடித்த கடையில் ஒரு பெரியவர், "போர்டு வந்துச்சு, மாடு போச்சு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. யாருக்காவது அர்த்தம் தெரிந்தால் சொல்லுங்கள்.

#2 தாளவாடி தக்காளி

யானை பார்க்க ஏன் காட்டுக்குப் போனீர்கள்? மாசி மாதம் யானை காட்டில் இருக்காது. என் தோட்டத்தில் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வந்தால் டிக்கெட் இல்லாமல் காட்டுகிறேன். டார்ச்சும் பட்டாசும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

#3 மோயாற்றுப் பரிசல்

மஞ்சள்மாநகர், உங்கள் மேல் தப்பில்லை. சுற்றுலா விளம்பரம் எல்லாம் பச்சைக் காட்டையே காட்டிப் பழக்கிவிட்டது. நான் பறவை பார்க்கிறவன். பதினோரு வருடமாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறேன். நான் வரத் தேர்ந்தெடுப்பதே நீங்கள் போன மாதத்தைத்தான். இலை உதிர்ந்தால்தான் கிளையில் இருப்பது தெரியும்.

முதலில் அந்தத் தீக்குச்சிகளைப் பற்றி. அவை செத்த மரங்கள் அல்ல. மேலே வெக்காலி, தேக்கு, அடிவாரத்தில் உசிலை, வெள்வேல், கிளுவை. தையிலிருந்து பங்குனி வரை மழை அரிது. இலை இருந்தால் அதன் வழியே ஈரம் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் மரமே இலையைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறது. முதல் கோடை மழை பெய்த பத்தாம் நாள் வந்து பாருங்கள், அடையாளம் தெரியாது. மோயாற்றுப் பள்ளத்தாக்கு நீலகிரியின் மழை மறைவில் இருக்கிறது. மேலே ஊட்டியில் குடை பிடித்துக்கொண்டிருக்கும்போது கீழே தெங்குமரஹாடாவில் புழுதி பறக்கும்.

வறண்ட காட்டில் மிருகம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்காது என்பதுதான் இங்கே விஷயம். ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ தீவனமும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். நீங்கள் பார்த்த காட்டில் மாசியில் அது ஏது? அதனால் கோடையில் அவை மோயாற்றை ஒட்டி இறங்கி, பவானிசாகர் அணையின் நீர் வற்றிய கரைக்கு வந்துவிடும். தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் புல் முளைத்திருக்கும். மழை தொடங்கியதும் மறுபடி மேலே ஏறும். முதுமலை, பந்திப்பூர், சத்தி, பிலிகிரிரங்கன் மலை, பர்கூர், மாதேஸ்வரன் மலை, காவிரிக் கரை எல்லாம் அதற்கு ஒரே வீட்டின் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் நாம்தான் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோர்ப்பது இந்த மொட்டைக் காட்டில்தான். இது அறுந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாக மாட்டிக்கொள்ளும்.

பச்சைக் காட்டில் இல்லாதவையும் இங்கே உண்டு. வெளிமான், நாற்கொம்பு மான், கழுதைப்புலி. அப்புறம் என் செல்லங்கள், பாறுகள். அவற்றைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், பிறகு சொல்கிறேன்.

#4 மஞ்சள்மாநகர்

நன்றிங்க. இலை உதிர்வது சரி, புரிந்தது. ஆனால் புலி? நிஜமாகவே இருக்கிறதா, இல்லை பலகையில் மட்டும்தானா?

#5 மோயாற்றுப் பரிசல்

இருக்கிறது. சத்தி 2008-இல்தான் சரணாலயம் ஆனது, 2011-இல் விரிந்தது, 2013-இல் புலிகள் காப்பகம். சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். அதற்கு முன்னால் வருடக்கணக்கில் அங்கே பூட்ஸ் சத்தமும் துப்பாக்கியும்தான், வீரப்பன் வேட்டை, உங்களுக்கே தெரியும். 2004-க்குப் பிறகுதான் காடு மூச்சு விட்டது. 2010-லிருந்து புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022-இல் சர்வதேச விருதே வந்தது. உங்களுக்கு நேரில் தென்படாததற்குப் புலி பொறுப்பல்ல.

#6 பட்டிக்காரர்

நான் பர்கூர் மலைக்காரன். வயிற்றுப் பிழைப்புக்குத் திருப்பூரில் இருக்கிறேன், மனசு பட்டியில் இருக்கிறது. அந்தப் பெரியவர் சொன்னதற்கு அர்த்தம் நான் சொல்கிறேன்.

எங்கள் மாட்டுக்குப் பெயர் பர்கூர் மாடு. செம்மறை என்போம். செவலையில் வெள்ளைத் திட்டு, பாலைக் கொட்டிவிட்ட மாதிரி. உயரம் அதிகம் இல்லை, கொம்பு கூர்மை, கோபம் அதைவிடக் கூர்மை. புது ஆளைக் கண்டால் கட்டுத்தறியையே பிடுங்கும். அதைக் கட்டிப்போட்டுப் புண்ணாக்கு வைத்து வளர்க்க முடியாது. மேய்ச்சலுக்குப் போனால்தான் உயிரோடு இருக்கும். காட்டுக்குள் முள் அடைத்துப் பட்டி போடுவோம். என் தாத்தா காலத்தில் ஒரு பட்டியில் முந்நூறு மாடு. பட்டிக்காரர் மாதக் கணக்கில் அங்கேயே இருப்பார். வாரம் ஒருமுறை வீட்டிலிருந்து ராகி மாவு போகும். காட்டில் புல் தீர்ந்தால் பட்டி இடம் மாறும். யானை இடம் மாறுவதைப் பற்றி மோயாற்று அண்ணன் அழகாக எழுதினார். எங்கள் மாடும் அதே கணக்கில்தான் மாறியது, அதை யாரும் அழகாக எழுதவில்லை.

தாத்தா ஒரு தகரப் பெட்டியில் மேய்ச்சல் ரசீதுகளை வைத்திருந்தார். தலைக்கு இவ்வளவு என்று வனத்துறைக்குக் கட்டிய பணம். பாதி கரையான் தின்றது போக மீதி என்னிடம் இருக்கிறது. அதாவது நாங்கள் திருட்டு மேய்ச்சல்காரர்கள் அல்ல, காசு கட்டி மேய்த்தவர்கள்.

2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்றது. எங்கள் மலையே அதிர்ந்தது. அதே மாதத்தில் திருத்தினார்கள்: தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், இந்த மூன்றில் மட்டும் தடை, மற்றக் காப்புக்காட்டில் விதிப்படி மேய்க்கலாம். அப்பாடா என்று இருந்தோம், எங்களுடையது காப்புக்காடுதானே. 2023 பட்ஜெட்டில் அதையே சரணாலயம் என்று அறிவித்தார்கள், 2024 ஜனவரியில் அரசாணை வந்தது. சுமார் 800 சதுர கிலோமீட்டர். மாடு நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதன் காலடியில் நிலத்தின் பெயர் மாறிவிட்டது. "போர்டு வந்துச்சு, மாடு போச்சு" என்றால் இதுதான்.

#7 காக்கி_ஓய்வு

முப்பது வருடம் காட்டில் காவல் வேலை பார்த்தவன் நான். எந்தச் சரகம் என்று கேட்காதீர்கள். பட்டிக்காரர் தம்பி சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

ஒரு சித்திரை மாதம். காட்டுக்குள் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் மிச்சம், ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு. மதியம் பட்டி மாடு வந்தது, நூறு இருக்கும். குடித்து, இறங்கி, கலக்கி, சாணம் போட்டுவிட்டுப் போனது. சாயங்காலம் ஒரு கடமான் வந்தது. நான் ஐம்பதடி தூரத்தில் பாறை மேல் இருந்தேன். சேற்றை முகர்ந்தது, காலால் ஒருமுறை கிளறியது, மூக்கை உதறியது, திரும்பிப் போய்விட்டது. இரவு எங்கே போய்க் குடித்ததோ. அந்தக் காட்சிக்குப் பிறகு "மாடு காட்டுக்கு நல்லது" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த மானின் மூக்குதான் ஞாபகம் வரும்.

புல் விஷயமும் அப்படித்தான். இருப்பதே கொஞ்சம். மாடு தின்றால் மானுக்குக் கிடையாது, மான் குறைந்தால் புலியும் சிறுத்தையும் மாட்டின் மேல் கை வைக்கும். கை வைத்தால் மாட்டுக்காரர் சும்மா இருப்பாரா? தின்றது போகக் கிடக்கிற மாட்டின் உடலில் குருணை மருந்தை, அதாவது பயிருக்குப் போடும் பூச்சி விஷத்தை, தூவிவிடுவார். ஒரு சிறுத்தைக்கு வைத்ததில் நரி, காக்கை, கழுகு எல்லாம் சாகும். அடைப்பான், கோமாரி மாதிரி நோய் வேறு. அப்புறம் பட்டி என்ற பெயரில் எல்லாமே செம்மறை மாடு அல்ல. கீழ்நாட்டுக்காரர் வாங்கி விட்ட மாடும் அதில் உண்டு. மேய்ப்பவர் ஏழை, மாட்டுக்குச் சொந்தக்காரர் அடிவாரத்தில் பஞ்சாலை வைத்திருப்பார். தம்பி இல்லை என்று சொல்லட்டும்.

சாணத்தையும் சொல்ல வேண்டும். லாரி லாரியாக எரு மலையை விட்டு இறங்குகிறது. காட்டுப் புல் சாணமாகி உங்கள் ஈரோட்டு மஞ்சள் வயலுக்குப் போகிறது. காட்டு மண்ணுக்கு என்ன மிச்சம்?

#8 தாளவாடி தக்காளி

காக்கி சார், எரு லாரி மட்டுமா இறங்குகிறது? எங்கள் கரும்பு லாரியும் இறங்குகிறது. ஆசனூர்ப் பக்கம் யானை நடு ரோட்டில் நின்று டோல் வசூலிப்பதை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அதைப் பழக்கியதில் எங்கள் ஆள்களுக்கும் பங்கு உண்டு. உயரத்துக்கு மேல் பாரம் ஏற்றுவது, இரண்டு கட்டு கீழே தள்ளிவிட்டுத் தப்பிப்பது. யானைக்கு என்ன தெரியும்? லாரி என்றால் கரும்பு என்று கற்றுக்கொண்டது. குட்டிக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது.

திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடை 2022 பிப்ரவரியில் வந்தபோது நான் சாலை மறியலில் உட்கார்ந்தவன். முதலில் மாலை 6 முதல் காலை 6 வரை வண்டி போகக் கூடாது என்றார்கள். பிறகு சிறிய வண்டிகளுக்கு இரவு 9 வரை தளர்த்தினார்கள். தக்காளி பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவனுக்கு அந்த மூன்று மணி நேரம் எவ்வளவு என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். தடைக்கு முன்னால் காலையில் பண்ணாரி இறக்கத்தில் செத்துக் கிடக்கும் மான், முயல், காட்டுப்பூனை கணக்கு எனக்குத் தெரியும். இப்போது அந்த அளவு பார்ப்பதில்லை. என் சண்டை தடையோடு அல்ல, தளர்வைக் கேட்டுப் போராட வேண்டியிருந்ததோடு.

#9 சட்டப்பிரிவு

இந்த இழையில் பெயர்கள் குழம்புகின்றன. கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன், இதுதான் என் தொழில்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் ஒன்றல்ல. தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சல் கூடாது என்று 35-ஆவது பிரிவே நேரடியாகச் சொல்கிறது. சரணாலயத்தில் அப்படி இல்லை. அங்கே மேய்ச்சலை முறைப்படுத்தவோ, கட்டுப்படுத்தவோ, தடுக்கவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு 33-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. தடுக்கலாம், முறைப்படுத்தி அனுமதிக்கவும் செய்யலாம். பட்டிக்காரர் சொன்ன 2022 உத்தரவு தமிழ்நாட்டில் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டது. சிக்கல் அங்கேதான்.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா ஐந்துதான்: கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலையில் இந்திரா காந்தி, மன்னார் வளைகுடா. இதில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த மலைகளில் எல்லாம் சரணாலயங்கள்தான், அதுவும் பெரும்பாலும் சமீபத்தியவை. காவிரி வடக்கு 2014, காவிரி தெற்கு 2022, தந்தை பெரியார் 2024. காரணம் எளிது. இந்தக் காடுகளில் முதலிலிருந்தே மனிதர் இருக்கிறார்கள். ஆளில்லாக் காடு என்று கோடு போட இடமே கிடையாது.

2006 வன உரிமைச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. மேய்ச்சல் உரிமை அதில் 3(1)(d) பிரிவில் வருகிறது, இடம் பெயர்ந்து மேய்ப்பவர்களுக்கும் சேர்த்து. சரணாலயம், தேசியப் பூங்கா எதுவானாலும் அந்தச் சட்டம் பொருந்தும். பட்டிக்காரருக்கு ஒரு கேள்வி: உங்கள் சமூகம் பழங்குடிப் பட்டியலில் உண்டா?

#10 பட்டிக்காரர்

இல்லைங்க. நாங்கள் லிங்காயத்து. வீட்டில் கன்னடம். சோளகர் எங்களுக்கு மூத்த குடிகள், அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள்.

காக்கி ஐயாவுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எரு விற்பது உண்மை, மறைக்கவில்லை. செம்மறைப் பசு கறக்கிற பால் கன்றுக்கே காணாது. பட்டிக்கு வருமானமே எருவும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் விற்கிற காளைக்கன்றும்தான். கீழ்நாட்டார் மாடு பட்டியில் நிற்பதும் உண்மை. எங்கள் மாட்டை விற்றுத் தின்ற பிறகு பட்டிக்காரன் வேறு எதை மேய்ப்பான்? கூலிக்கு அதைத்தான் மேய்ப்பான். அதைப் பிரித்து எடுக்க ஒரு கணக்கெடுப்பு போதும். மாட்டுக்குக் காதில் அட்டை போட்டால் முடிந்தது. அதற்குப் பதில் ஒட்டுமொத்தமாக இறக்கு என்றால், முதலில் இறங்குவது ஏழையின் நாலு மாடு. பஞ்சாலைக்காரர் மாடு கடைசியில்தான் இறங்கும்.

தண்ணீர்ப் பள்ளத்துக்கு நான் என்ன சொல்வது? அந்த மான் குடிக்காமல் போனது என் தாத்தாவின் மாட்டாலேயேகூட இருக்கலாம்.

#11 சட்டப்பிரிவு

பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் "பிற பாரம்பரிய வனவாசிகள்" வகையில் வருவீர்கள். அதற்கு 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். நாடு முழுக்க இந்த வகை மனுக்கள் அடிபடுவதே இந்த 75-இல்தான். தம்பி, அந்தத் தகரப் பெட்டியைக் கரையானிடமிருந்து உடனே காப்பாற்றுங்கள். ஒவ்வொரு ரசீதையும் போட்டோ எடுங்கள். தனி மனிதர் மனுவாகப் போடாமல் கிராம சபை வழியாகச் சமூக உரிமை மனுவாகப் போடுங்கள். பக்கத்து பிலிகிரிரங்கன் மலையில் 2011-இல் சோளகர்களுக்குப் புலிகள் காப்பகத்தின் உள்ளேயே சமூக வன உரிமை கிடைத்தது. தேன், நெல்லிக்காய் மாதிரிப் பொருட்களை எடுக்கிற உரிமை அதில் உண்டு. "காப்பகம் என்றால் உரிமை இல்லை" என்ற பேச்சை உடைக்க அந்த ஓர் உதாரணம் போதும்.

#12 மட்டுறுத்துநர்

எந்த ஆட்சி எந்தப் பலகை வைத்தது என்ற நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் மனம் குளிரச் சண்டை போடுங்கள்.

#13 மோயாற்றுப் பரிசல்

பாறுகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? மாட்டுப் பேச்சு வந்துவிட்டதால் இதுதான் சமயம்.

பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. 90-களில் தொடங்கி ஒரு பதினைந்து வருடத்துக்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. காரணம் ஒரு வலி மருந்து, டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு ஊசி போடுவார்கள், மாடு செத்துப் போகும், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு அதுவும் செத்துவிடும். 2006-இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கு விற்கிற பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், அதனால் 2015-இல் மனித மருந்தையும் 3 மில்லி ஒற்றை ஊசியாகச் சுருக்க வேண்டி வந்தது. 2023-இல் கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். மெலோக்சிகாம் ஆபத்தில்லாதது.

தென்னாட்டில் இன்னமும் பாறு கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற முக்கியமான இடம் மோயாற்றுப் பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்து நீர்மருதில் கட்டும், கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறை இடுக்கில் கட்டும். செந்தலைப் பாறும் உண்டு. மற்ற இடங்களில் போனது இங்கே ஏன் தப்பியது? இங்கே அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் புலியும் செந்நாயும் விட்டுப்போன காட்டு மிருகத்தின் மிச்சம். அதில் ஊசி மருந்து கிடையாது.

ஒருமுறை தெங்குமரஹாடா போயிருந்தேன். பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிடும், அப்புறம் பரிசல். பரிசலில் என்னோடு ஓர் அம்மா இரண்டு கோழியும் ஒரு மூட்டை அரிசியுமாக உட்கார்ந்திருந்தார். நடு ஆற்றில் மேலே பார்த்தேன். பன்னிரண்டு வெண்முதுகுப் பாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமடித்து ஏறிக்கொண்டிருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு எண்ண, அந்த அம்மா, "எங்கியோ மான் செத்துக் கெடக்குது, அவ்வளவுதான்" என்றார். அவருக்கு அது காக்கை மாதிரி. எனக்கு அந்த "அவ்வளவுதான்" பொறாமையாக இருந்தது.

அதனால் பட்டிக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் மலையில் யார் ஊசி போடுகிறார்கள்? என்ன ஊசி?

#14 பட்டிக்காரர்

பட்டி மாட்டுக்கு ஊசியா? டாக்டர் வர ஒரு நாள், மாட்டைப் பிடிக்க இரண்டு நாள். சொன்னேனே, தொட விடாது. வேப்பெண்ணெய், மஞ்சள், காட்டு மூலிகை, அப்புறம் மாதேஸ்வரன். கட்டுத்தறி மாட்டுக்குத்தான் ஊசி. அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் பாறுக்கு எங்கள் பட்டி மாடு நல்ல சாப்பாடு, அண்ணா.

#15 மோயாற்றுப் பரிசல்

இந்தக் கோணத்தை நான் யோசித்ததே இல்லை. ஆனால் காக்கி சார் சொன்ன குருணை மருந்து நடுவில் நிற்கிறது. சிறுத்தை அடித்த மாட்டில் விஷம் வைத்தால், பாறு ஒன்றல்ல, கூட்டமே இறங்கும், கூட்டமே போகும். மாடு போனதற்கு இழப்பீட்டுப் பணம் உடனே கைக்கு வந்தால் விஷம் வைக்கத் தோன்றாது என்று நினைக்கிறேன். மாதக்கணக்கில் அலைய விட்டால் தோன்றத்தான் செய்யும்.

#16 தேவாங்கு திண்டுக்கல்

எல்லோரும் யானை, புலி, பாறு என்று பெரிய ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் கடவூர் மலையைப் பாருங்கள். திண்டுக்கல், கரூர் இரண்டு மாவட்டத்திலும் 11,806 ஹெக்டேர், 2022 அக்டோபரில் சரணாலயம். எதற்காக? உள்ளங்கையில் அடங்குகிற தேவாங்குக்காக. நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம் அதுதான். மஞ்சள்மாநகர் அங்கே பகலில் போனால் குரங்குகூடப் பார்க்க மாட்டார். முள்காடு, பாறை, வெயில், அவ்வளவுதான்.

ராத்திரி எட்டு மணிக்கு நெற்றி விளக்கு மாட்டிக்கொண்டு போக வேண்டும். வெள்ளை வெளிச்சம் கூடாது, அதன் கண்ணுக்கு ஆகாது, சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்வோம். கிளுவை வேலியில் இரண்டு செந்நிறப் பொட்டு தெரியும். அசையாமல் நம்மைப் பார்க்கும். பிறகு கையை மெல்ல நீட்டி, கிளையிலிருந்து ஒரு பூச்சியைப் பறித்து வாயில் போட்டுக்கொள்ளும், கல்யாணப் பந்தியில் கிழவர் ஜாங்கிரி எடுக்கிற நிதானத்தில். "தேவாங்கு மாதிரி முழிக்கிறான்" என்று திட்டுகிறோமே, அது முழிக்கிற அழகைப் பார்த்தவர் திட்ட மாட்டார்.

அதற்குப் பெரிய காடு தேவையில்லை. கிளை கிளையைத் தொட வேண்டும், தரையில் இறங்கினால் நாய்க்கும் வண்டிக்கும் பலி. எனவே விவசாயி தன் கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போட்டால், சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே இருந்தாலும் தேவாங்குக்குச் சாவுதான். அந்த வேலிக்கு எந்தச் சட்டப் பிரிவும் கிடையாது.

#17 காக்கி_ஓய்வு

கிளுவை வேலி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு.

பட்டிக்காரர் தம்பிக்கு. உன் பதிலை இரண்டு தடவை படித்தேன். அட்டை போட்டுக் கணக்கெடுப்பது நல்ல யோசனை, எங்கள் காலத்தில் செய்திருக்கலாம். செம்மறை மாட்டுக்கு மட்டும், எண்ணிக்கை வரையறுத்து, பங்குனி சித்திரையில் தண்ணீர்ப் பள்ளங்களை விட்டு விலகி மேய்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழ்நாட்டு மாட்டுக்கு நான் ஒரு நாளும் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்று, மாடு இறங்கிவிட்டால் காடு தானாகச் செழிக்கும் என்று நம்புகிறவர்களுக்கும் சொல்கிறேன். என் கண் முன்னால் புல் இருந்த இடமெல்லாம் உண்ணிச்செடி அடைத்துக்கொண்டது. ஆள் உயரப் புதர். யானைக்கும் ஆகாது, மானுக்கும் ஆகாது, கோடையில் தீப்பிடித்தால் மரத்தின் தலை வரை எரியும். சோளகர் பெரியவர்கள், முன்பு தை மாதத்தில் சருகுக்குச் சின்னத் தீ வைப்போம், அதை நீங்கள் நிறுத்தியதால்தான் உண்ணி வந்தது என்பார்கள். தரகு பெங்கி என்று அதற்குப் பெயர். நான் அந்தத் தீயை அணைக்கச் சம்பளம் வாங்கியவன், அவர்கள் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். முழுதாகத் தள்ளவும் முடியவில்லை.

#18 தாளவாடி தக்காளி

காக்கி சார் இவ்வளவு இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. ரிட்டயர்மென்ட் நல்ல விஷயம்தான்.

#19 மஞ்சள்மாநகர்

இழையை ஆரம்பித்துவிட்டு எட்டு மாதம் காணாமல் போனதற்கு மன்னியுங்கள். ஐப்பசியில் மறுபடி போனேன். இந்தத் தடவை பர்கூர் மட்டும்.

தாமரைக்கரை தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டேன். தீக்குச்சியெல்லாம் காணோம். இடுப்பு உயரத்துக்குப் புல், மரத்தில் இலைக்கு மேல் இலை, பள்ளத்தில் தண்ணீர்ச் சத்தம். பழைய டீக்கடையில் அதே பெரியவர் இருந்தார். மாடு பற்றிக் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் கட்டியிருந்த ஒரு செம்மறையைக் காட்டினார். பேரன் ஒன்றை மட்டும் விற்க விடவில்லையாம். பாலைக் கொட்டிவிட்ட மாதிரி என்று பட்டிக்காரர் எழுதியது சரியாக இருந்தது. போட்டோ எடுக்கலாம் என்று இரண்டடி கிட்டே போனேன். அது தலையைத் தாழ்த்தி ஒரு மூச்சு விட்டது பாருங்கள், கட்டுத்தறி ஆடியது, நான் வரப்பில் விழுந்தேன். பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார். தகரப் பெட்டி பற்றிச் சொன்னேன். "எங்க வீட்லயும் இருக்குது, பரண்ல" என்றார். பட்டிக்காரர், உங்கள் நம்பரை அவருக்குக் கொடுக்கலாமா? தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

மிருகம் விஷயத்தில் பழைய நிலைதான். போன தடவை இலை இல்லை, மிருகமும் இல்லை. இந்தத் தடவை இலை மறைத்ததில் குரங்குகூடத் தெரியவில்லை.

#20 பட்டிக்காரர்

தாராளமாகக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், நானே பரணில் ஏறிப் பெட்டியை இறக்குகிறேன். அவரிடம் சொல்லி வையுங்கள், அதற்குள் யாரும் வெயிலில் காயப்போட வேண்டாம். பழைய தாள், உதிர்ந்துவிடும்.

#21 தாளவாடி தக்காளி

மஞ்சள்மாநகர், என் அழைப்பு அப்படியே இருக்கிறது. நேற்றும் மூன்று வந்தன. ராகி கதிர் விட்டிருக்கிறது.